இன்னொருத்தர் யாரு?

செவ்வாய்க்கிழமை மதியம் டென்மார்க்கின் ஹேர்னிங்கில் இருக்கும் தமிழ்க் கடைக்குப் போயிருந்தேன். முருங்கைக்காய்ப் பொட்டலத்தை உறைபெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, கல்லாவுக்குப் பின்னால் நின்ற கடை அன்ரி சொன்னார்.

"பிள்ளை, உங்கட ரீவி அக்கா மோசம் போயிட்டாவாம். உனக்குத் தெரியாதே?"

மோசம் போவது என்றால் யாழ்ப்பாணத்தார் பேச்சில் இறந்துபோவது. நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. இங்கே வந்து ஆறு வருடமாகியும் அந்தச் சொல் எனக்கு ஒரு கணம் தாமதமாகத்தான் வந்து சேரும். அந்த ஒரு கணம் நான் முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யாரு சொன்னாங்க?"

"பிரெடெரிசியாவில இருந்து ஒரு இந்தியப் பிள்ளை சாமான் வாங்க வந்தவ. அவவின்ர மனுசன் முந்தி அக்காவின்ர மனுசனோட வேலை செய்தவராம். எங்கயோ கேள்விப்பட்டவையாம்."

"இன்னொருத்தர் யாரு?"

கேட்ட பிறகுதான் அது என் கேள்வி இல்லை என்று உறைத்தது. அன்ரிக்கும் உறைத்தது. "அவ கேக்கிற மாதிரியே கேக்கிறாய்" என்று சொல்லிவிட்டு, கல்லாவைத் திறந்தபடியே போட்டுவிட்டு அழத் தொடங்கினார்.

இன்று வெள்ளி. இரண்டு பேர் சொன்னால்தான் அக்காவுக்கு அது செய்தி; இதுவரை ஒருவர்தான் சொல்லியிருக்கிறார். அக்காவின் கணக்கில் அவரும் முழு ஆள் இல்லை. கேள்விப்பட்டுச் சொல்பவரை அக்கா அரை ஆள் என்பார்.

அக்கா இருபது வருடத்துக்கு மேல் ஒரு ஹிந்தி டிவிச் சேனலில் செய்தி வாசித்தவர்; அன்ரி 'ரீவி அக்கா' என்பது அதனால்தான். பிறந்து வளர்ந்தது மத்தியப் பிரதேசத்தில், இட்டார்சி ரயில்வே குடியிருப்பில். அப்பா திருச்சியிலிருந்து வேலைக்குப் போனவர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் ஹிந்தி. அவருடைய அம்மாவுக்குக் கடைசிவரை ஹிந்தி வரவில்லை. ஆனாலும் மகளுடைய செய்தியை ஒரு நாளும் விட மாட்டாராம்.

"சத்தத்தைக் குறைச்சு வெச்சுட்டுத்தான் பார்ப்பாங்க" என்று அக்கா ஒருமுறை சொன்னார். "முடிஞ்சதும் போன் வரும். இன்னிக்கு நீ மத்தியானம் சாப்பிடலைம்பாங்க. சரியா இருக்கும். ஊரே நான் சொல்றதைக் கேட்டுட்டிருந்துச்சு. அவங்க ஒருத்தங்கதான் என்னைப் பார்த்துட்டிருந்தாங்க."

கணவருக்குக் காற்றாலைக் கம்பெனியில் வேலை கிடைத்து இங்கே வந்தபோது அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. நானும் அதே கம்பெனிதான். காற்றாலைகளை இயக்கும் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. நாங்கள் முதலில் சந்தித்தது டேனிஷ் மொழிப்பள்ளியில். முதல் வகுப்பில் ஒவ்வொருவரும் என்ன தொழில் செய்கிறோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அக்காவிடம் அப்போது முப்பது டேனிஷ் சொற்கள் இருந்திருந்தால் அதிகம். எழுந்து நின்று, "நான் சத்தமாக வாசிப்பவள்" என்றார். ஆசிரியை குழம்பிப்போய், பிள்ளைகளுக்கா என்று கேட்டார். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லை, எல்லோருக்கும்" என்றார்.

அடுத்தது நான். பொறியாளர் என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதன்முதலில் மிதித்தவள் என்றேன். அந்த வாக்கியத்தை எந்த ஊரில் எந்த மொழியில் கேட்டாலும் சொல்லத் தயாராக வைத்திருப்பேன். டேனிஷிலும் முதலில் கற்றுக்கொண்டது அதைத்தான். அம்மா பட்டாசு ஆலையில் சூப்பர்வைசர் என்றும் சேர்த்துக்கொண்டேன். ஆசிரியை கைதட்டினார்.

வகுப்பு முடிந்து சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"தமிழ்ப் பொண்ணா? எந்த ஊரு?"

"சாத்தூர்ப் பக்கம்."

"அம்மா சூப்பர்வைசரா?"

"ஆமா."

"ம்" என்றார். நன்றாகப் படிக்கும் பெண் என்று என்னைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை.

அவரிடம் எதைச் சொன்னாலும் அப்படித்தான் என்பது போகப்போகத் தெரிந்தது. சனிக்கிழமைகளில் தமிழ்க் கடைதான் ஊருக்கே செய்தி நிலையம். அன்ரி மீன் டின்களை அடுக்கிக்கொண்டே தலைப்புச் செய்திகளைச் சொல்வார். யாருக்குப் பிள்ளை கிடைத்தது, யார் வீடு விற்கிறார்கள், எந்தத் தொழிற்சாலை ஆட்களைக் குறைக்கப்போகிறது. மற்றவர்கள் 'ஆ' என்று கேட்கும்போது அக்கா மட்டும் புருவத்தை உயர்த்துவார்.

"யார் சொன்னாங்க?"

"எல்லாரும்தான் கதைக்கினம்."

"எல்லாரும்னா ஒருத்தர்கூட இல்லைன்னு அர்த்தம் அன்ரி."

"ஐயோ, உங்களிட்டை ஒரு கதை சொல்லுறதெண்டா ரெண்டு சாட்சியோட வரவேணும் போல கிடக்கு."

"சாட்சியோட வாங்க. டீ போட்டுத் தர்றேன்."

அன்ரிக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை, ரண்டர்ஸில் யாரோ ஒரு பிள்ளைக்குக் கலியாணம் நிச்சயமாகிவிட்டது என்ற செய்தியோடு, அந்தப் பிள்ளையின் சித்தியையும் மச்சாளையும் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருந்தார். "இந்தா, ஒண்டு. இந்தா, ரெண்டு. இப்ப நம்புவியளே?" அக்கா இருவரையும் தனித்தனியாகத் தேதி கேட்டார். இரண்டு தேதி வந்தது. கடையே சிரித்தது. சித்திக்குத்தான் முகம் சிவந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வராத நாளும் உண்டு. என்னை அணித் தலைவியாக ஆக்குவதாக மேலாளர் சொன்ன அன்று, காரை எடுத்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனேன்.

"லெட்டர் வந்துச்சா?" என்றார்.

"மேனேஜரே சொன்னாருக்கா."

"அவர் ஒருத்தர்."

டீயைக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன். எட்டு நாள் பேசவில்லை. எங்கள் வீட்டில் யாரும் எட்டாத உயரம் அது. அதற்குப் போய் இரண்டாவது ஆள் கேட்கிறாரே என்று பொருமிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. அச்சடித்து எடுத்துக்கொண்டு போய் அவர் சாப்பாட்டு மேசையில் போட்டேன்.

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தாளை எடுத்து மேசையில் இரண்டு தட்டுத் தட்டி ஓரத்தைச் சீராக்கினார். ஒற்றைத் தாளுக்கு ஓரம் சீராக்க என்ன இருக்கிறது? ஆனால் அப்படித் தட்டியதும் அவருடைய தோள்கள் நிமிர்ந்தன, கழுத்து நீண்டது, எனக்குத் தெரிந்த அக்கா அங்கே இல்லை. "வணக்கம். இன்றைய தலைப்புச் செய்தி" என்று தொடங்கி, என் பெயரை, என் பதவியை, சேரும் தேதியை வாசித்தார். ஒரு நாட்டின் முடிவை அறிவிப்பது போல இருந்தது அந்தக் குரல். எங்கள் அம்மாவுக்கு அந்தக் கடிதத்தைக் காட்டினால் எந்தப் பக்கம் மேல்பக்கம் என்று கேட்பார். அந்தக் குரலை மட்டும் அவர் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"கோபம் போச்சா, இஞ்சினியர் மேடம்?" என்றார் அக்கா, தன் குரலுக்குத் திரும்பி.

முதியோர் இல்லம் ஒன்றில் அவருக்குத் துணி மடிக்கும் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அங்கே பாங்கோ விளையாடுவார்கள். ஒருவர் உருண்டையை எடுத்து எண்ணைச் சொல்ல, மற்றவர்கள் தங்கள் அட்டையில் மறைத்துக்கொண்டே வரும் விளையாட்டு. எண் சொல்பவர் விடுப்பில் போன ஒரு வெள்ளி, அக்காவைச் சொல்லச் சொன்னார்கள். டேனிஷ் எண்கள் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய தண்டனை. தொண்ணூற்றிரண்டை, இரண்டும் நாலரைத் தடவை இருபதும் என்ற கணக்கில் சொல்வார்கள். அக்கா ஒரு வாரம் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து அதையே வாசித்துப் பழகினார். வழியில் வரும் வேக வரம்புப் பலகைகளையும் வண்டி எண்களையும்கூட விடவில்லை.

நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன். உருண்டையை எடுப்பார். தான் பார்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவரிடம் காட்டுவார். அவர் பழைய பன்றிப்பண்ணைக்காரர். அவர் தலையாட்டிய பிறகுதான் நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்து, எண்ணைச் சொல்வார். கிழவர் கிண்டலாகக் கேட்டார், ஐந்தை ஐந்து என்று சொல்ல இரண்டு பேர் வேண்டுமா என்று. "வேண்டும்" என்றார் அக்கா. அடுத்த வாரமும் அவரையே எண் சொல்லச் சொன்னார்கள். அதற்கடுத்த வாரமும்.

டேனிஷ் புரியாத காலத்திலேயே டேனிஷ் செய்தி பார்ப்பார். "இப்போ துக்கச் செய்தி வருது பாரு" என்பார். வாசிப்பவள் அப்போதுதான் வாயைத் திறந்திருப்பாள். படத்தில் தீயணைப்பு வண்டி வரும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "மூச்சை முன்னாடியே எடுத்துட்டா" என்பார். அந்த நேரங்களில் அவர் கை மேசைமேல் எதையோ தேடும். கைக்குக் கிடைத்த விளம்பரத் தாளை எடுத்து ஓரம் தட்டுவார். அவர் எதை விட்டுவிட்டு வந்தார் என்று நான் கேட்டதில்லை. கணவருக்கு இங்கே வேலை, அதனால் வந்தார் என்றுதான் எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை வரை எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

நாங்கள் இருவரும் கடையில் இருந்தோம். இங்கே மதியம், ஊரில் நாலு மணி. என் போனில் ஊர்க்காரர்கள் குழுவில் ஒரு படம் வந்தது. வயலுக்கு நடுவில் புகை. கீழே எங்கள் அம்மா வேலை செய்யும் ஆலையின் பெயர். அம்மாவை அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அழைத்தேன். மறுபடி. படத்துக்குக் கீழே ஒருவர் ஆழ்ந்த இரங்கல் என்று போட்டார். உடனே பத்துப் பேர் கும்பிடும் கைகளைப் போட்டார்கள்.

நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை. அன்ரி "ஐயோ, என்ர மாதாவே" என்று கத்தியது மட்டும் காதில் இருக்கிறது. யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். யாரோ என் தலையைத் தடவி அழத் தொடங்கினார்கள்.

"யாரும் அழக் கூடாது" என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. ஆனால் கடை நின்றது. "இன்னும் செய்தி வரலை."

அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். ஒரு பழைய பில்லைத் திருப்பி வைத்துக்கொண்டு பேனா கேட்டார்.

"அம்மா போன் ஏன் அணைஞ்சிருக்கு?"

"உள்ள போன் கொண்டுபோக விட மாட்டாங்கக்கா. கேட்டுலயே வாங்கி வெச்சிருவாங்க."

"அப்ப அணைஞ்சிருக்கறதுல சேதி ஒன்னும் இல்லை." எழுதிக்கொண்டார். "எந்த ரூம்?"

பட்டாசு ஆலையில் ஒவ்வொரு அறையும் தனித்தனியாக, தள்ளித்தள்ளி இருக்கும். எண் போட்டிருக்கும்.

"அம்மா சூப்பர்வைசருக்கா, எல்லா ரூமுக்கும்..."

அக்கா பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கம்பெனியில் எனக்குக் கீழே வேலை செய்யும் ஒரு பையனின் மனைவியும் நின்றாள்.

"ரூம் நம்பர் சொல்லு."

"இருபத்திமூணு" என்றேன். "திரி வைக்கிற ரூம். எங்கம்மா சூப்பர்வைசர் இல்லக்கா. கூலிதான்."

"தெரியும். எழுதிக்கிட்டேன்."

அக்கா முதலில் சென்னையில் ஒரு பழைய நண்பரை அழைத்தார். அவரிடமிருந்து எங்கள் பக்கத்து நிருபர் ஒருவரின் எண் கிடைத்தது. அவர் ஆலை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எந்த அறை, உங்கள் கண்ணால் பார்த்தீர்களா, யாராவது சொன்னதா என்று அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏழும் எட்டும் தரைமட்டம், இருபதாம் எண்ணுக்கு மேல் எந்த அறைக்கும் சேதம் இல்லை, என் கண்ணால் பார்த்தேன் என்றார் அவர்.

"ஒன்னு" என்று பில்லில் எழுதினார் அக்கா.

என்னிடம் எங்கள் வீட்டுக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருப்பவரின் எண் இருந்தது. நானே கேட்கிறேன் என்று கை நீட்டினேன். அக்கா கொடுக்கவில்லை. "நீ வெடிச்சுதான்னு கேப்பே. அந்த ஆளுக்கு இன்னும் தெரியலைன்னா உன் கேள்விதான் அங்க போய்ச் சேர்ற முதல் சேதி. கேள்விக்குள்ள சேதியை வெச்சு அனுப்பக் கூடாது."

எண்ணை அழுத்தி, சும்மா பக்கத்து வீட்டிலிருந்து பேசுவது போல, சிரித்த முகத்தோடு பேசினார். "வணக்கம் அண்ணே. டென்மார்க்லருந்து, எதிர்வீட்டுப் பொண்ணோட அக்கா பேசறேன். அம்மாகிட்ட கொஞ்சம் போனைக் குடுக்கிறீங்களா?"

அக்காவின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. கை மட்டும் பில்லின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு பெட்டிக்கடைக்காரர் யாரையோ கூப்பிடும் சத்தம். "இப்பத்தான் வேன்ல வந்து எறங்குது, இந்தா குடுக்கேன்."

அக்கா போனை என் காதில் வைத்தார்.

"என்னத்தா இந்நேரத்துல? சாப்ட்டியா?" என்றது அம்மாவின் குரல். பிறகு அது உடைந்தது. "ஏழாம் ரூமு போயிருச்சுத்தா. நம்ம தெருப் பிள்ளைக ரெண்டு."

கடையில் யாரோ கைதட்டப் போனார்கள். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார். "ஏழாம் ரூம்ல ஆளுங்க இருந்தாங்க" என்றார்.

எனக்கு அம்மா குரலைக் கேட்ட பிறகும் நடுக்கம் நிற்கவில்லை. கேட்டது கனவோ என்று இருந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூட்டையிலிருந்து எழுந்தார். பில்லை உறைபெட்டியின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு வாசிக்கத் தொடங்கினார், ஹிந்தியில். எனக்கு ஹிந்தி ஒரு சொல்லும் தெரியாது. அம்மாவின் பெயரும் எங்கள் ஊரின் பெயரும் மட்டும் நடுவில் வந்தன. ஆனால் அந்தக் குரல் முடியும்போது என் கை நடுக்கம் நின்றுவிட்டது. அம்மா உயிரோடு இருக்கிறார் என்று நான் நம்பியது அப்போதுதான்.

திரும்பும் வழியில் காரில் கேட்டேன். "அம்மா சூப்பர்வைசர் இல்லைன்னு எப்பத் தெரியும்?"

"நீ சொன்னப்பவே பாதி தெரியும். மீதி டிசம்பர்ல."

கிறிஸ்துமஸுக்கு முன் மொழிப்பள்ளியில் காகித இதயங்கள் பின்னச் சொல்லித்தந்தார்கள். மற்றவர்கள் ஒன்றை முடிப்பதற்குள் நான் ஆறு முடித்துவிட்டேன். எங்கள் பக்கம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீட்டில் உட்கார்ந்து பட்டாசுக் குழாய்க்குக் காகிதம் உருட்டிப் பழகிய விரல்கள் அவை.

"உன் விரல் ரெண்டாவது ஆள்" என்றார் அக்கா. "சூப்பர்வைசர் வீட்டுப் பொண்ணுக்கு அந்த வேகம் வராது. வெளிய சொல்லலை. அது உன் செய்தி, நீதான் வாசிக்கணும்."

பிறகு, நான் கேட்காமலே, அந்தக் கதையைச் சொன்னார்.

வடக்கே ஒரு மலைச்சரிவில் பேருந்து கவிழ்ந்தது. இறந்தவர்கள் பட்டியல் வந்தது, பதினொரு பெயர். யார் கொடுத்த பட்டியல் என்று கேட்க நேரமில்லை. செய்தி ஓடிக்கொண்டிருந்தது, காதில் மாட்டியிருந்த கருவியில், மற்ற சேனல்களில் போட்டுவிட்டார்கள், வாசி, வாசி என்ற குரல். வாசித்தார். அதில் ஒருவர் முந்தைய நிறுத்தத்தில் டீ குடிக்க இறங்கி, பேருந்தைத் தவறவிட்டவர். அவருடைய பை மட்டும்தான் பேருந்தில் போயிருந்தது. அவர் மனைவி செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வளையல்களை உடைத்துக்கொண்டார். மாலையில் கணவர் நடந்து வீடு வந்து சேர்ந்தார்.

"வந்தவரை அந்தம்மா நம்பலை" என்றார் அக்கா. "சாப்பாட்டை அவர் கையில குடுக்க மாட்டாங்களாம். படைக்கற மாதிரி ஒரு மூலையில வெச்சுட்டு நகர்ந்துடுவாங்களாம். தூங்கும்போது மூக்குக்கிட்ட கையை வெச்சு வெச்சுப் பார்ப்பாங்களாம்."

தவறாக வாசித்துவிட்டோம் என்று செய்தியில் சொல்ல அக்கா மூன்று முறை அனுமதி கேட்டார். யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்றார்கள். நான்காவது முறை கேட்காமல் விடுப்புப் போட்டுவிட்டு அந்த ஊருக்குப் போனார்.

"மன்னிப்பு கேட்டேன். அந்தம்மா அதைக் காதுலயே வாங்கலை. உங்க குரல்லதான் கேட்டேன், அதே குரல்ல இல்லைன்னு சொல்லுங்கன்னாங்க. தாள் இல்லாம எனக்கு வாசிக்க வராது. அவங்க வீட்டு கரண்ட் பில்லை வாங்கிப் பிடிச்சுக்கிட்டு, முற்றத்துல நின்னு வாசிச்சேன். அன்றைய பட்டியலில் ஒரு பெயர் தவறு. அவர் உயிரோடு இருக்கிறார். வாசித்தது நான். செய்தியில நான்ங்கற வார்த்தையை அதுக்கு முன்னாடி நான் சொன்னதே இல்லை. அந்த மனுஷன் வெக்கப்பட்டுக்கிட்டு எருமை மாட்டுக்குப் பின்னாடி நிக்கறாரு."

"அந்தம்மா?"

"உள்ள போயி டீ போட்டு எடுத்துட்டு வந்தாங்க. எனக்கொன்னு. அவர் கையில ஒன்னு."

யாரோ அதைக் கைப்பேசியில் படம்பிடித்திருந்தார்கள். அது பரவியது. சேனலில் அவரை விடியற்காலைச் செய்திக்கு மாற்றினார்கள். பிறகு எந்தச் செய்திக்கும் கூப்பிடவில்லை.

"திரும்ப வாசிக்கணும்னு ஆசை இல்லையாக்கா?"

அக்கா கார்க் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். ஒரு வேகப் பலகை வந்தது. "எண்பது" என்று டேனிஷில் வாசித்தார். அவ்வளவுதான் பதில்.

கணவரின் ஒப்பந்தம் முடிந்து, போன வருடம் ஊருக்குத் திரும்பினார்கள், இட்டார்சிக்கே. முதியோர் இல்லத்தில் கடைசி வெள்ளியன்று பன்றிப்பண்ணைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். பில்லுண்டு விமான நிலையம்வரை நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். என் கைப்பேசியை வாங்கி இரண்டு எண்களைப் பதித்துக் கொடுத்தார். "ஒன்னு என்னோடது. ரெண்டாவது பக்கத்து வீட்ல இருக்கற என் தம்பியோடது. முதல் நம்பர் எடுக்கலைன்னா பதறாதே. ரெண்டாவதைக் கூப்பிடு."

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு குரல்செய்தி அனுப்பினார். வயிற்றில் ஏதோ இருக்கிறதாம். "ஒரு டாக்டர் ஒன்னு சொல்றார். அவர் ஒருத்தர்தானே? இன்னொருத்தர்கிட்ட கேக்கப் போறேன்" என்று சிரித்திருந்தார். நல்லதுக்கா, கேளுங்க என்று எழுதி அனுப்பினேன். அந்த வாரம் புது மென்பொருள் வெளியாகும் வாரம். அதற்கடுத்த வாரம் வேறொன்று. இன்னொருத்தர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவே இல்லை.

செவ்வாயன்று கடையிலிருந்து வந்ததும் முதல் எண்ணை அழைத்தேன். ஒரு பெண் குரல் ஹிந்தியில் எடுத்தது. தெளிவான, நிமிர்ந்த குரல். அக்கா என்றேன். அது நிற்காமல் பேசிக்கொண்டே போனது. அணைத்து வைக்கப்பட்ட எண்ணுக்குப் போடும் பதிவு அது என்று புரிய இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. புரிந்த பிறகும் இந்த மூன்று நாளில் பலமுறை அழைத்து அதைக் கேட்டேன். புரியாத மொழியில் ஒரு குரல் நல்ல சேதி சொல்லி நான் முன்பு நம்பியிருக்கிறேன்.

இரண்டாவது எண்ணை இன்னும் அழைக்கவில்லை. ஒருவர் மட்டும் சொன்னது செய்தியாகாது என்ற விதிக்குள் ஒளிந்துகொள்ளலாம் என்று பார்த்தேன். அதற்குள் இடமில்லை. அக்கா ஒருநாளும் இரண்டாவது ஆளுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. போனை எடுத்துத் தேடிப் பிடிப்பார்.

இதை எழுதும்போது முழுக்க அவர் பெயரை எழுதாமலே வந்திருக்கிறேன். எழுத வரவில்லை. எழுதினால் ஏதோ ஒரு பட்டியலை வாசிப்பது போல ஆகிவிடும் என்று தோன்றியது.

அங்கே இப்போது மாலை நாலு மணி. என் முன்னால் ஒரு தாள் இருக்கிறது. தம்பியிடம் கேட்க வேண்டியதை எழுதி வைத்தேன். என்ன ஆயிற்று, எப்போது, அந்த இரண்டாவது டாக்டர் என்ன சொன்னார், ஏன் எனக்குச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தேன். எல்லாக் கேள்விக்குள்ளும் சேதி இருந்தது. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

தாளை மேசையில் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டேன். அதில் ஒரே ஒரு வரி மிச்சமிருக்கிறது. அதைத்தான் வாசிக்கப் போகிறேன்.

"வணக்கம். டென்மார்க்லருந்து பேசறேன். அக்காகிட்ட கொஞ்சம் போனைக் குடுக்கிறீங்களா?"